மேலே என்ன வேலை?

விழுந்தவன் நான் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் சர்க்கஸில் விழுகிற உத்தியோகம் என்னுடையது. கோமாளி வேஷம். ஸ்டூலிலிருந்து விழுவேன், கழுதை மேலிருந்து விழுவேன், வெறுந்தரையில் நடந்து போகும்போதும் விழுவேன். சனம் சிரிக்கும். அன்றைக்கு நிஜமாக விழுந்தவர் கம்பத்து ஆள் வேலுப்பிள்ளை.

கம்பம் என்பது ஒரு பழைய கப்பலின் பாய்மரம். எங்கள் முதலாளி அதைக் கொழும்புத் துறைமுகத்தில் பிடித்து, கொட்டகைக்கு வெளியே மைதானத்தில் நட்டு, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார். அறுபது அடி. உச்சியில் ஒரு பலகை. இரண்டு பாதம் வைக்கலாம், மூன்றாவது பாதத்துக்கு இடமில்லை. வேலுப்பிள்ளை தினமும் சாயங்காலம் ஏறி அதில் நின்று இரண்டு கையையும் விரிப்பார். பாண்டுக்காரர்கள் ஊதுவார்கள். ஒரு சனிக்கிழமை மழை பெய்து பலகை வழுக்கிவிட்டது. பாதி வழியில் கம்பியில் மோதி வந்ததால் உயிர் தப்பியது. இடுப்பு தப்பவில்லை.

நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. பத்து நாளில் கம்பத்தின் மேல் ஓர் ஆள் நிற்க வேண்டும். வேலுப்பிள்ளை என் ஊர், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் விழுந்த சேதி அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதால், அங்கிருந்து இனி ஒரு பூனைகூட எங்கள் கம்பத்தில் ஏறாது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். "திருநெல்வேலிப் பக்கம் முழுக்கப் பனைமரமாம். தெருவில் போகிறவனைக் கூப்பிட்டால் ஏறுவானாம். போய் ஒருத்தனைக் கூட்டி வா. வெறுங்கையோடு வந்தால் நீ ஏறு" என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கோமாளியின் முதலாளி சிரிக்காமல் பேசினால் அது கட்டளை.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, எங்கள் டிக்கெட் கொடுக்கிற பொன்னையா எழுதுகிறார். பிழை இருந்தால் அவருடையது. பொய் இருந்தால் என்னுடையது.

கப்பலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் கடலைப் பார்க்கவில்லை, ஒரு வாளியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராமல் தூரத்திலேயே நின்றுவிட, தோணியில் இறக்கினார்கள். இறங்கும் ஏணி ஆறு படி. ஆறு படியிலும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். அறுபது அடிக் கம்பத்துக்கு ஆள் தேட முதலாளி அனுப்பிய ஆள் இப்படிப்பட்டவன்.

திருநெல்வேலியில் ரயிலை விட்டு இறங்கி, டவுணுக்குக் குதிரை வண்டி பிடித்தேன். அந்தக் குதிரை எதிரே வந்த ஒவ்வொரு வைக்கோல் வண்டியையும் நிறுத்தி நலம் விசாரித்தது. வண்டிக்காரன் அதைத் திட்டவில்லை. "அதுக்கும் பசிக்கும்லா" என்றான். எங்கள் கொழும்பில் குதிரைகளுக்கு இந்த மரியாதை கிடையாது.

காப்பி கிளப்பில் சோற்றுக்கு உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் "சொதி இருக்கோ?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் சொதி இல்லாமல் பொழுது விடியாது. பரிமாறியவர் கரண்டியோடு நின்றுவிட்டார்.

"சொதியா? யாரு வீட்டுல வே கல்யாணம்?"

இங்கே சொதி என்றால் கல்யாணம் முடிந்து மறுநாள் விருந்துக்கு வைப்பதாம். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை ஒற்றை ஆள் வந்து கேட்டால் சந்தேகப்படத்தான் செய்வார்கள். பக்கத்து இலைக்காரர், "சாப்பிட்டது போதுமா?" என்றார். "ஓம்" என்றேன். எங்கள் ஊரில் அது "ஆமாம்". அவர் சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டார், நான் ஏதோ பூசையைத் தொடங்குகிறேன் என்று.

பிறகு அல்வாக் கடை. இலையில் சூடாக வைத்துக் கொடுத்தார்கள். வாயில் போட்டேன். அது தானாக உள்ளே போனது, நான் ஒன்றும் செய்யவில்லை. நான் ஒன்றும் செய்யாமல் நடக்கிற காரியங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தத் தைரியத்தில் கடைக்காரரிடம் விஷயத்தை எடுத்தேன்.

"அண்ணாச்சி, உயரம் ஏறுற ஆள் ஒண்டு வேணும்."

"என்ன வேலைக்கு?"

"வேலை ஒண்டுமில்லை. ஏறி நிண்டால் போதும்."

அவர் அல்வா கிண்டுவதை நிறுத்தவில்லை. "சும்மா நிக்கதுக்கா? அதுக்கு ஏன் வே உசரத்துக்குப் போகணும்? நம்ம கடை வாசல்லயே காலையிலேருந்து நாலு பேரு சும்மா நிக்கான். புடிச்சவனைக் கூட்டிட்டுப் போவும்."

வாசலில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், "எந்த ஊருக்கு?" என்று ஆசையாகக் கேட்டார். அறுபது அடி என்றதும் அவரும் சிரிப்பில் சேர்ந்துகொண்டார்.

ரதவீதியில் ஆனித் திருவிழாவுக்குத் தேரைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்கு மேல் வீடு வைத்த மாதிரி தேர். அதன் உச்சியில் ஒருவர் ஒற்றைக் காலை ஒரு கழியில் பின்னிக்கொண்டு துணி கட்டிக்கொண்டிருந்தார். இவர்தான் நமக்கு ஆள் என்று கீழிருந்து கையைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"கயிறு கொண்டாந்திருக்கேரா?"

"இல்லை அண்ணாச்சி, ஒரு கதை சொல்ல..."

"கயிறு இல்லைன்னா பொறவு எதுக்கு வே அங்கன நிக்கேரு? தள்ளும், நெழலு மறைக்கி."

கீழே நிற்கிறவன் மேலே நிற்கிறவனுக்கு எப்படி நிழல் மறைப்பான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் தள்ளி நின்றேன்.

மறுநாள் விடியலில் பாளையங்கோட்டையைத் தாண்டிக் கிழக்கே நடந்தேன். பனங்காடு வந்தது. யாழ்ப்பாணத்தான் பனையைக் கண்டு வாயைப் பிளக்கக் கூடாது. நான் பிளக்கவில்லை. ஆனால் மண் வேறு. எங்கள் ஊரில் வெள்ளை மணல், இங்கே செக்கச் செவேல் என்ற தேரி மண். என் வேட்டி பத்து நிமிஷத்தில் சந்நியாசி வேட்டியாகிவிட்டது.

அங்கே ஞானமுத்து என்று ஒரு பனையேறி. இடுப்பில் அரிவாள் பெட்டி, காலில் நார் வளையம். கீழே நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தார். காலில் குத்திய முள்ளை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஆள் மேலே இருந்தார். இறங்கி வந்து பனையோலையைப் பட்டையாக மடித்துப் பிடிக்கச் சொல்லி, பதநீரை ஊற்றினார். எங்கள் ஊரில் கருப்பநீர் என்போம். ருசி ஒன்றுதான். மூன்று பட்டை குடித்த பிறகுதான் வந்த காரியம் ஞாபகம் வந்தது.

அவருடைய மனைவி அன்னம்மாள் அடுப்பில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். கருப்பட்டி இறுகுகிற வாசனை. இருவரும் கேட்க, கம்பத்தின் பெருமையை எடுத்துவிட்டேன். பாண்டு, கூட்டம், கைதட்டல்.

ஞானமுத்து பொறுமையாகக் கேட்டார். "சரி. மேல என்ன இருக்கு?"

"ஒரு பலகை."

"பலகையைச் சீவினா என்ன வடியும்?"

"ஒண்டும் வடியாது."

"பொறவு அங்கன என்ன வேலை?"

"வேலை இல்லை அண்ணை. ஏறினால் போதும். சனம் கை தட்டும்."

அன்னம்மாள் துடுப்பை நிறுத்தினார். "ஏறினதுக்கா கை தட்டுதாவ? இவரு காலையில நாப்பது மரம், சாயங்காலம் நாப்பது மரம் ஏறுதாரு. இத்தன வருசத்துல ஒருத்தர் தட்டினதில்ல. ஏன், நானே தட்டினதில்லையே."

சொல்லிவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்த்து இரண்டு தட்டுத் தட்டினார். நாற்பது மரம் ஏறுகிற மனிதர் வெட்கத்தில் அரிவாளைக் கீழே போட்டுவிட்டார். "சும்மா கெடட்டி" என்றார். அது போதும் என்று நினைக்கிறேன், அதற்கு மேல் அவருக்குப் பாண்டு வாசிக்க வேண்டியதில்லை.

விடாமல் கேட்டேன், உயரம் என்றால் பயமா என்று. தூரத்தில் தென்னைக்கு மேலே தெரிந்த மாதா கோயிலின் ஊசிக் கோபுரத்தைக் காட்டினார். அதற்கு வெள்ளை அடிக்கத் தான்தான் ஏறினாராம். "அது வேலை. கை சுண்ணாம்பைப் பாத்துக்கிட்டு இருக்கும், பயம் கிட்ட வராது. சும்மா போய் நின்னா, கை என்னையப் பாக்கும் வே. எனக்கு அது ஆகாது" என்றார்.

பாவம், வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனமில்லை. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு கோயிலில் கும்பாபிஷேக வேலை நடக்கிறது, கோபுரத்துக்குச் சாரம் கட்டுகிற சுடலைமுத்து அங்கே இருக்கிறான், அவனைக் கேளும் என்றார். "அவன் கொஞ்சம் கிறுக்கன். ஒருவேளை வந்தாலும் வருவான்."

மூன்றாம் நாள் மேற்கே போகிற ரயிலில் ஏறினேன். அந்தப் பக்கம் ரயில் வந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. வயலில் நிற்கிறவர்கள் இன்னும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பெரிதாகப் பேர் எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு அது சுவரில் வரைந்த கோலம். எதிரே இருந்த கிழவரிடம், கல்லிடைக்குறிச்சி எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அப்பளக் கூடை ஏறுத எடம்" என்றார். அடுத்த ஸ்டேஷனில் ஒருவர் தலையில் அப்பளக் கூடையோடு நின்றார். உடனே குதித்து இறங்கினேன். ரயில் போன பிறகுதான் தெரிந்தது, அவர் கூடையை ஏற்ற வந்தவர் இல்லை, எதிர் வண்டியில் வந்த கூடையை இறக்கிக்கொண்டு போகிறவர். அது வீரவநல்லூர்.

அங்கிருந்து மாட்டு வண்டி. வாய்க்கால் ஓரமாக வாழைத் தோட்டம், நெல் வயல், மறுபடி வாழைத் தோட்டம். நடுவழியில் அச்சாணி கழன்று சக்கரம் தனியாக வயலில் இறங்கி, கொஞ்ச தூரம் உல்லாசமாக ஓடி, ஒரு கொக்கைத் துரத்திவிட்டுப் படுத்துக்கொண்டது. நான் வண்டியிலிருந்து விழுந்தேன். தொழில் சுத்தமாக விழுந்தேன், ஒரு கீறல் இல்லை. வண்டிக்காரர் மட்டும் ஒருமுறை சிரித்தார். ஊருக்கு வெளியே வந்து, விழுந்து நான் வாங்கிய முதல் சிரிப்பு.

கோயில் ஆற்றங்கரையில் இருந்தது. ஐந்து நிலைக் கோபுரம். அதைச் சுற்றி அடி முதல் உச்சி வரை மூங்கில் கூடு. ஆணி ஒன்றுகூட இல்லை, எல்லாம் கயிற்று முடிச்சு. அதைத்தான் சாரம் என்கிறார்கள். உச்சியில், ஒரு சுதைப் பூதத்தின் தோளில் சாய்ந்துகொண்டு ஒருவர் தூக்குச்சட்டியிலிருந்து சோறு தின்றுகொண்டிருந்தார். எங்கள் வீட்டு முற்றத்தில்கூட நான் அவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. சுதை வேலை செய்கிற ஒருவர், "அவந்தான் சுடலைமுத்து" என்றார்.

கீழிருந்து கூப்பிட்டேன். கொழும்பிலிருந்து வந்திருக்கிறேன், பேச வேண்டும் என்றேன்.

"எறங்க நேரமில்ல வே" என்று பதில் வந்தது. "பேசணும்னா மேல வாரும்."

நாளை மறுநாள் எனக்குக் கப்பல். இந்த ஆளும் இல்லையென்றால் கம்பத்தில் நான். அந்தக் கணக்கைத் தலையில் போட்டதும் கால் தானாக முதல் மூங்கிலில் ஏறியது. இரண்டாம் மூங்கில். மூன்றாம் மூங்கில். நான் ஏறுகிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்தில் கீழே பார்த்தேன். அவ்வளவுதான். இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் நடுவில், ஒரு மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். என் கல்யாணத்தில்கூட நான் யாரையும் அப்படிக் கட்டிப் பிடித்ததில்லை.

அப்போது ஆற்றுப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"எவம்லே அது? சொல்லாம கொள்ளாம ஏறி நின்னு முழிச்சிக்கிட்டு நிக்கான்?"

இந்த ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். கோபுரத்தில் ஏறுகிறவன் ஏறுவதற்கு முன்னால் ஆற்றைப் பார்த்து "ஆள் ஏறுதோம்" என்று சத்தம் கொடுக்க வேண்டும். மேலே போனால் படித்துறை முழுக்கத் தெரியும். சத்தம் கேட்டதும் குளிக்கிற பெண்கள் மண்டபத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். சத்தம் கொடுக்காமல் ஏறுவது பெரிய மரியாதைக் குறைவு. எனக்கு யார் சொன்னார்கள்?

"அம்மா, நான் கண்ணை மூடிக்கொண்டுதான் நிக்கிறன்" என்று கத்தினேன்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். பிறகு படித்துறை முழுக்க ஒரே சிரிப்பு. "ஆமாட்டி, பயந்து மூடிக்கிட்டுல்லா நிக்கான்" என்றாள் ஒருத்தி. துணி துவைத்துக்கொண்டிருந்த முதல் குரல்காரி விடவில்லை. "ஏ அண்ணாச்சி, அம்புட்டு ஒசரத்துல சும்மாதானே நிக்கேரு? இந்தச் சேலையையாவது வாங்கிக் காயப் போடும். காத்து நல்லா வருது."

சுடலைமுத்து மேலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் ஒரு குறுக்கு மூங்கிலில் உட்கார்ந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். வாயில் இன்னும் சோறு. நான் கண்ணைத் திறக்காமலே பேச்சுவார்த்தையைத் தொடங்கினேன். உயரத்தில் மூங்கிலை அணைத்துக்கொண்டு, உயரத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று கேட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"ஏறி நிக்கிறதைப் பாக்கவா சனம் துட்டுக் குடுத்து வருது?" அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "நானும்தான் இங்கன தெனமும் நிக்கேன். ஒரு பய ஏறிட்டுப் பாக்க மாட்டான். பொம்பளைங்க ஏசத்தான் செய்யுதாளுவ."

"அங்க வந்தால் ஒருத்தரும் ஏச மாட்டினம். நீங்கள் வாறியளோ?"

"மேல போயி என்ன செய்யணும்?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது முறை. "கையை விரிச்சுக்கொண்டு நிக்கணும்" என்றேன்.

அவர் சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "கையை விரிச்சா எதைப் புடிக்கது? நான் வரல வே. இன்னொண்ணு, இந்தச் சாரம் நான் கட்டுனது. கட்டுனவந்தான் அவுக்கணும். அடுத்தவன் அவுத்தா எந்த முடிச்சு எதைத் தாங்குதுன்னு தெரியாது. கும்பாபிசேகம் முடியாம நான் எங்கனயும் நகர முடியாது."

மூங்கிலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். உயரத்தால் பாதி, கம்பத்தை நினைத்து மீதி. கீழே இறக்கிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் தொங்கிய ஒரு கயிற்றுக் கட்டை எடுத்து என் தோளில் மாட்டினார்.

"உச்சியில இன்னொரு சுதைக்காரன் கயிறு இல்லாம உக்காந்திருக்கான். அவம் வேலை நிக்கி. இதைக் கொண்டு போயி குடும். பைய ஏறும். கயிறு நழுவாம பாத்துக்கிடும், நழுவுனா கீழ ஆளு இருக்கு."

இதுதான் எனக்கு விளங்காத விஷயம். கயிறு நழுவாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடது தோள் சரிந்தால் சரி செய்தேன். ஒரு நிலையில் கயிறு மூங்கிலில் சிக்கியது, அதை விடுவித்தேன். நிமிர்ந்தால் சுதைக்காரர் கையை நீட்டிக்கொண்டிருந்தார். உச்சிக்கு வந்துவிட்டேன். நான் ஏறியது எனக்கே தெரியாமல் நடந்துவிட்டது, டவுண் அல்வா உள்ளே போன மாதிரி.

அங்கிருந்து ஒருமுறை பார்த்தேன். மேற்கே பொதிகை மலை, அதன் மடியிலிருந்து ஆறு இறங்கி வளைந்து வளைந்து கிழக்கே போகிறது. இரண்டு கரையிலும் பச்சை, அந்தப் பச்சைக்கு வெளியே உடனே வறண்ட நிலம். யாரோ ஒரு பச்சைத் துண்டைக் காயப் போட்டு எடுக்க மறந்த மாதிரி. எங்கள் யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. கிணற்றை எட்டிப் பார்த்துத்தான் தண்ணீரைப் பார்ப்போம். இவ்வளவு தண்ணீர் மேலேயே ஓடுவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

பார்த்து முடித்ததும் கையில் கயிறு இல்லை என்பது ஞாபகம் வந்தது. உடனே பூதத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"ஏறதுக்கு ஒரு வேலை குடுத்தா, எறங்கதுக்கும் ஒண்ணு குடுக்கணும்ங்கான்" என்றார் என் பின்னாலேயே ஏறி வந்திருந்த சுடலைமுத்து, சுதைக்காரரைப் பார்த்து. "சரி வே. எறங்குத வழியில கைக்கு எட்டுத முடிச்சு ஒவ்வொண்ணையும் அமுக்கிப் பாரும். எண்ணிக்கிட்டே வாரும். எளகியிருந்தா சொல்லும்."

எனக்கு இருபதுக்கு மேல் எண்ண வராது. இருபது ஆனதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். எத்தனை இருபது என்பதை மறக்காமலிருக்க ஒவ்வொரு இருபதுக்கும் ஒரு சாமி பேர் வைத்தேன். பிள்ளையார் இருபது, முருகன் இருபது, அம்மன் இருபது. இரண்டாம் நிலையில், வைரவர் இருபதில் பதினாலாவது முடிச்சு என் விரலுக்குக் கீழே நகர்ந்தது.

"இது எளகியிருக்குது" என்றேன்.

எனக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்த சுடலைமுத்து சிரித்தபடி வந்தார். தொட்டுப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "ஏலே, எல்லாவனும் நில்லுங்க, அசையாதீக" என்று மேலே குரல் கொடுத்தார். அந்த மூங்கில் மேலே ஒரு பலகையைத் தாங்கியது, அந்தப் பலகையில் மூன்று பேர் இருந்தார்கள். பல்லால் கயிற்றைக் கடித்து இழுத்து, முடிச்சைப் புதிதாகப் போட்டு, முழங்காலால் இறுக்கினார். பிறகுதான் மேலே இருந்தவர்களை நகரச் சொன்னார்.

கீழே வந்ததும் தன் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார், காலி. எங்கிருந்தோ ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வந்து வைத்தார். நான் நாலாவது பழத்தில் இருக்கும்போது கேட்டார்:

"நாளைக்கு வேலைக்கு வாரேரா?"

ஆள் பிடிக்க வந்தவனை ஆளாகப் பிடித்துவிட்டார்கள். கப்பலுக்கு ஒரு நாள் இருந்தது, போனேன். நாலாம் நாள் முழுக்கச் சாரத்தில் இருந்தேன். ஏறுமுன் ஆற்றைப் பார்த்து "ஆள் ஏறுதோம்" என்று அடித்தொண்டையில் கத்தினேன். "கண்ணு மூடுத அண்ணாச்சி வந்துட்டாரு, அவருக்கு நாம எந்திரிக்க வேண்டாம்டி" என்று பதில் வந்தது. மத்தியானம் மூன்றாம் நிலையில் கூட்டாஞ்சோறு சாப்பிட்டேன். கீழே பார்க்கவில்லை. சோற்றையே பார்த்தேன், நல்ல சோறு.

புறப்படும்போது சுடலைமுத்து ஒரு கயிற்றுக் கட்டைக் கொடுத்தார். "ஒங்க ஆளு விழுந்த பலகை எப்பிடி?" என்று கேட்டார். வழுவழு என்று இழைத்தது என்றேன். "அதுல ஏன் வே ஒருத்தனும் கயிறு சுத்தல? மழையில காலு நிக்கண்டாமா?" என்றார். அங்கே வேலை செய்கிற ஒருவன் ஏறியிருந்தால் முதல் நாளே சுற்றியிருப்பான். நாங்கள் நிற்க மட்டும்தானே ஏறினோம்.

கொழும்பில் முதலாளி கொட்டகை வாசலில் நின்றார். "ஆள் எங்கே?"

"வந்திருக்கிறான்."

என் பின்னால் எட்டிப் பார்த்தார். அல்வாப் பொட்டலமும் கயிற்றுக் கட்டும்தான் இருந்தன. அவர் பார்வை மெதுவாக என் முகத்துக்கு வந்தது. "நீயா? ஏறி என்ன செய்வாய்?"

"எனக்கு அங்கே ஒரு வேலை இருக்கு" என்றேன்.

அல்வாவை ஆஸ்பத்திரியில் வேலுப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் சாயங்காலம் கூட்டம் நிறைந்திருந்தது. கோமாளி வேஷத்தோடு, தோளில் கயிற்றையும், முதுகில் ஒரு வாளி ஈரத் துணியையும் கட்டிக்கொண்டு, கம்பத்தடியில் நின்று "ஆள் ஏறுதோம்" என்று கத்தினேன். யாருக்கும் விளங்கவில்லை, எல்லாரும் சிரித்தார்கள். வாளி சாயாமல் பார்த்துக்கொண்டே ஏறினேன். மேலே பலகையை அணைத்துக்கொண்டு முதலில் கயிற்றைச் சுற்றி இறுக்கினேன். பிறகு அதில் காலை ஊன்றி, கம்பிக்கும் கம்பத்துக்கும் குறுக்கே மீதிக் கயிற்றால் துணிக் கொடி கட்டி, என் சட்டை, என் பட்டைபோட்ட கால்சட்டை, கடைசியாக என் வேட்டி என்று வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் காயப் போட்டேன். அறுபது அடிக்குக் கீழே மைதானம் முழுக்கச் சிரிப்பு.

வேட்டியைப் போட்டதும் வேலை முடிந்துவிட்டது. இறங்குவதற்கு ஒரு வேலை வைத்துக்கொள்ள மறந்துவிட்டேன். பாய்மரத்தில் முடிச்சு கிடையாது, எண்ண ஒன்றுமில்லை. கை என்னைப் பார்த்தது. முதலாளி கீழிருந்து இறங்கு இறங்கு என்று கையைக் காட்டினார்.

"துணி காயேல்லை முதலாளி" என்று கத்தினேன். "காஞ்சதும் எடுத்துக்கொண்டு வாறன்."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பாண்டுக்காரர்கள்கூட வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். நான் உள்ளதைச் சொன்னது அவர்களுக்குத் தெரியாது. கம்பத்தைக் கட்டிப் பிடித்தபடி வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் காற்று அடித்தது, ஓரம் காய்ந்தது, நடு காய்ந்தது. மடிக்க வேண்டும் என்று கைக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றாக மடித்து வாளியில் வைத்து, மடிப்புக் கலையாமல் பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

வேலுப்பிள்ளைக்கு இடுப்பு தேறிவிட்டது. ஆனால் இப்போது முதலாளி அவரை ஏற விடுவதில்லை, சனம் துணி காயப் போடுகிற கோமாளியைத்தான் கேட்கிறதாம். ஆகவே தினமும் நான்தான் ஏறுகிறேன். வாளியில் துணியை நானே முக்கி எடுக்கிறேன். முக்கினால் பிழிவதில்லை. சொட்டச் சொட்டக் கொண்டு போகிறேன். காய எவ்வளவு நேரம் எடுக்கிறதோ, அவ்வளவு நேரம் எனக்கு அங்கே வேலை இருக்கிறது.